தானியங்கி ஒளிச்சிதறல் தரம்பார்த்தல்

பலபடிக் கரைசலில் வேறொரு திரவத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக்கொண்டே, கரைசல் சிதறடிக்கும் ஒளியை இடைவிடாமல் அளக்கும் ஆய்வுமுறை. பள்ளி ஆய்வகத்தில் ப்யூரெட்டும் பினாப்தலீனும் செய்யும் வேலையை இங்கே பம்பும் லேசரும் செய்கின்றன. ஆனால் தேடப்படுவது நிறம் மாறும் ஒற்றைப் புள்ளி அல்ல, முழு வளைகோடு.

நீர்த்த கரைசலில், எடைச் செறிவு மாறாமல் மூலக்கூறு நிறை மட்டும் இரு மடங்கானால் சிதறும் ஒளியும் ஏறத்தாழ இரு மடங்காகும். முறையின் அடித்தளம் இதுவே. திரவங்களில் ஒளி சிதறுவதைத் திருச்சியில் பிறந்த சி. வி. ராமன் 1922இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தம் நூலில் விரிவாக ஆராய்ந்தார். அவருடைய மாணவர் ஆர். எஸ். கிருஷ்ணன் 1930களில் கூழ்மத் துகள்கள் சிதறடிக்கும் ஒளியின் முனைவாக்கத்தை ஆராய்ந்தார். அதில் அவர் கண்டது ‘கிருஷ்ணன் விளைவு’ எனப்படுகிறது. பலபடிகளின் நிறையை அளக்க இதே சிதறலைப் பயன்படுத்தும் வழியை 1940களில் பீட்டர் டிபை வகுத்தார்.

இதன் பழைய வடிவம் கலங்கல் தரம்பார்த்தல். கரைசலில் கரைக்காத் திரவத்தைச் சேர்த்தால் நீண்ட சங்கிலிகள் முதலில் வீழ்படியும், குட்டையானவை பின்னால் வரும். கலங்கலைத் தொடர்ந்து அளந்து நிறைப் பரவலைக் கணிக்க மோரியும் டாம்ப்ளினும் 1945இல் முயன்றார்கள். ஆனால் கலங்கல், வீழ்படிந்த அளவை மட்டுமல்லாமல் துகளின் பருமனையும் பொறுத்தது. 1964இல் ஜெல் ஊடுருவல் நிறப்பிரிகை வந்ததும் இந்தப் பயன்பாடு பின்தங்கியதில் வியப்பில்லை.

முறைக்குப் புது உயிர் தந்தது 1990களின் இறுதியில் நியூ ஆர்லியன்ஸில் உள்ள துலேன் பல்கலைக்கழகத்தில் வேய்ன் ரீட் குழு உருவாக்கிய தொடர்கலப்பு. இரு கலன்களிலிருந்து பம்பு இழுக்கும் விகிதத்தைக் கணினி மெல்ல மாற்றுகிறது. கலவை ஒளிச்சிதறல் அறை, பாகுநிலைமானி, ஒளிவிலகல்மானி வழியே ஓடுகிறது. கையால் நாலைந்து செறிவுகள் தயாரித்து அளந்த இடத்தில் நூற்றுக்கணக்கான புள்ளிகள் கிடைக்கின்றன. நேரம் மிச்சமாவதைவிட, இரு புள்ளிகளுக்கு நடுவே ஒளிந்திருந்த திருப்பங்கள் தென்படுவதே பெரிய லாபம்.

ஐதராபாத்தின் மருந்துத் தொழிலுக்குப் பழக்கமான ஒரு சோடியைப் பார்க்கலாம். போவிடோன் மாத்திரையைப் பிணைக்கும் பலபடி. சோடியம் லாரில் சல்பேட் அதே மாத்திரையில் ஈரமூட்டியாகச் சேர்வதுண்டு. பற்பசையில் நுரை தருவதும் இதுவே. போவிடோன் கரைசலில் இதைச் சேர்த்துவந்தால் முதலில் பெரிதாக ஒன்றும் நடக்காது. ஒரு செறிவைத் தாண்டியதும் அதன் மூலக்கூறுத் திரள்கள் சங்கிலியில் ஒட்டிக்கொள்ளும். மின்னேற்றமில்லாத போவிடோன் அப்போது எதிர்மின்னேற்றம் கொண்ட பலபடியைப்போல நடந்துகொண்டு விரியும், பாகுநிலை ஏறும். உப்புச் சேர்த்தால் விலக்கம் தணிந்து சங்கிலி மறுபடி சுருங்கும்.

தூசுதான் முதல் எதிரி: ஒரேயொரு துகள் பெருந்திரளான மூலக்கூறுகளைவிட அதிகம் ஒளிரக்கூடும். எனவே கரைசல்களை நுண்வடிகட்டியில் வடித்தே பயன்படுத்துவர். அடுத்தது வேகம். கலவை சமநிலை எட்டும் முன்பே பம்பு முந்திக்கொண்டால் வளைகோடு பொய் சொல்லும். பம்பின் வேகத்தைப் பாதியாக்கி மீண்டும் ஓட்டி, இரண்டு வளைகோடுகளும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது எளிய சோதனை.