குரோம்காஸ்ட்

குரோம்காஸ்ட் என்பது நகர்பேசி, கைக்கணினி, மடிக்கணினி ஆகியவற்றில் தேர்ந்தெடுக்கப்படும் நிகழ்படங்களையும் இசையையும் கம்பியின்றித் தொலைக்காட்சியில் இயக்க உதவும் சிறு மின்னணுக் கருவி ஆகும். இதனைக் கூகுள் நிறுவனம் 2013 ஆம் ஆண்டு சூலை 24 அன்று அறிமுகப்படுத்தியது. தொலைக்காட்சியின் எச்.டி.எம்.ஐ. துளையில் செருகி, வீட்டின் வை-ஃபை வலையமைப்புடன் இணைத்து இது பயன்படுத்தப்படுகிறது. 10 கோடிக்கும் மேற்பட்ட கருவிகள் விற்பனையான பின், 2024 ஆகத்து மாதத்தில் கூகுள் இதன் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது.

செயற்படும் முறை

நகர்பேசியே நிகழ்படத்தைத் தொலைக்காட்சிக்கு அனுப்புவதாகப் பயனருக்குத் தோன்றும். பெரும்பாலான வேளைகளில் அவ்வாறு நிகழ்வதில்லை. நகர்பேசி இங்கு ஒரு தொலையியக்கி மட்டுமே. நிகழ்படத்தைக் குரோம்காஸ்ட் தானே இணையத்திலிருந்து பெறுகிறது. இது பின்வரும் படிகளில் நடைபெறுகிறது:

1. ஒரே வலையமைப்பில் உள்ள குரோம்காஸ்டை நகர்பேசி தேடிக் கண்டறிகிறது.
2. அது உண்மையான கருவிதானா என்பதை, அதனுள் பதிக்கப்பட்டுள்ள எண்முறைச் சான்றிதழைக் கொண்டு நகர்பேசியில் உள்ள செயலி சரிபார்க்கிறது.
3. எந்த நிகழ்படத்தை, எந்த இடத்திலிருந்து காட்ட வேண்டும் என்ற கட்டளையை நகர்பேசி அனுப்புகிறது.
4. குரோம்காஸ்ட் நேரடியாக இணைய வழங்கியுடன் தொடர்பு கொண்டு, நிகழ்படத்தைப் பெற்றுத் திரையில் காட்டுகிறது.

இம்முறையினால் நகர்பேசியின் மின்கலம் குறைவாகவே செலவாகிறது. படம் ஓடும்போது நகர்பேசியில் அழைப்புகளை ஏற்கலாம். வேறு பணிகளையும் செய்யலாம். பல வேளைகளில் நகர்பேசியை அணைத்துவிட்டாலும் படம் தொடர்ந்து ஓடும். அதே வேளை, வீட்டில் இணைய இணைப்பு இல்லாவிடின் இவ்வகை நிகழ்படங்களைக் காண இயலாது.

நகர்பேசியிலேயே சேமிக்கப்பட்டுள்ள நிகழ்படத்தைக் காட்டும்போது நிலைமை வேறு. அப்போது நகர்பேசியில் உள்ள செயலி ஒரு சிறு வழங்கியாக இயங்க, குரோம்காஸ்ட் அதனிடமிருந்து கோப்பைப் பெறுகிறது.

திரைப் பிரதிபலிப்பு

நகர்பேசியின் திரையில் தெரிவதை அப்படியே தொலைக்காட்சியில் காட்டுவது திரைப் பிரதிபலிப்பு எனப்படும். இவ்வசதி 2014 சூலையில் ஆண்ட்ராய்டு நகர்பேசிகளுக்கு வழங்கப்பட்டது. இதில் நகர்பேசி தன் திரையைத் தொடர்ந்து நிகழ்படமாகக் குறியேற்றி அனுப்ப வேண்டியிருப்பதால் மின்கலம் விரைவில் தீர்கிறது. படமும் சற்றுத் தாமதித்தே தெரிகிறது.

வை-ஃபை கூட்டமைப்பு 2012 இல் வெளியிட்ட மிராகாஸ்ட் இப்பிரதிபலிப்பு முறையையே அடிப்படையாகக் கொண்டது. அது இரு கருவிகளையும் நேரடியாக இணைப்பதால் அதற்கு இணையமோ வீட்டு வலையமைப்போ தேவையில்லை. ஆப்பிள் நிறுவனத்தின் ஏர்பிளே இரு முறைகளிலும் இயங்கக்கூடியது.

வரலாறு

நகர்பேசியிலிருந்து தொலைக்காட்சியில் உள்ள செயலியைக் கண்டறிந்து தொடங்குவதற்கான 'டயல்' என்னும் நெறிமுறையை நெட்ஃபிளிக்ஸ், யூடியூப் ஆகியவை உருவாக்கின. தொடக்ககாலக் குரோம்காஸ்ட் இதனைப் பயன்படுத்தியது. பின்னர் கூகுள் வேறு கண்டறி முறைக்கு மாறியது. 2014 பெப்ரவரியில் பிற நிரலாளரும் தம் செயலிகளில் இவ்வசதியைச் சேர்க்க வழி திறந்துவிடப்பட்டது.

முதன்மையான வெளியீடுகள்:

* முதல் தலைமுறை (2013): விலை 35 அமெரிக்க டாலர். 2.4 கிகாஏர்ட்சு அலைவரிசையில் மட்டும் இயங்கியது.
* இரண்டாம் தலைமுறை (2015): வட்ட வடிவம், 5 கிகாஏர்ட்சு வசதி. ஒலிபெருக்கிகளுக்கான குரோம்காஸ்ட் ஆடியோவும் உடன் வெளியானது.
* குரோம்காஸ்ட் அல்ட்ரா (2016): 4கே தெளிவு.
* மூன்றாம் தலைமுறை (2018).
* கூகுள் டிவியுடன் கூடிய குரோம்காஸ்ட் (2020): தனித் தொலையியக்கியுடன் வந்தது. நகர்பேசி இன்றியும் இதனை இயக்கலாம்.

2024 இல் இதற்கு மாற்றாகக் கூகுள் டிவி ஸ்ட்ரீமர் அறிமுகமானது.

2025 ஆம் ஆண்டு முடக்கம்

2025 மார்ச்சு 9 அன்று உலகெங்கும் இரண்டாம் தலைமுறைக் குரோம்காஸ்டுகளும் குரோம்காஸ்ட் ஆடியோக்களும் ஒருசேரச் செயலிழந்தன. கருவிகளில் பழுது எதுவும் இல்லை. அவற்றின் நம்பகத்தன்மைக்குச் சான்றளிக்கும் இடைநிலைச் சான்றிதழ் ஒன்றின் 10 ஆண்டுக் காலம் அன்று முடிவுற்றது. ஆகவே மேற்கூறிய இரண்டாம் படியில், நகர்பேசிகள் அவற்றை நம்பத்தகாத கருவிகளெனக் கருதி ஒதுக்கின. இச்சோதனையை மேற்கொள்ளாத சில செயலிகள் அப்போதும் இயங்கின.

கருவியைத் தொடக்க நிலைக்கு மீட்டமைக்க வேண்டாம் எனக் கூகுள் பயனர்களைக் கேட்டுக்கொண்டது. சில நாட்களில் திருத்தப்பட்ட மென்பொருளை அனுப்பத் தொடங்கியது. அதற்குள் மீட்டமைத்துவிட்டவர்கள் நகர்பேசியில் உள்ள கூகுள் ஹோம் செயலியின் புதிய பதிப்பு வரும்வரை காத்திருக்க நேர்ந்தது. நன்னிலையில் உள்ள வன்பொருளும், அதனைத் தயாரித்த நிறுவனம் சான்றிதழ்களைப் புதுப்பித்து வரும்வரையே பயன்படும் என்பதை இந்நிகழ்வு காட்டியது.

இவற்றையும் பார்க்க

* மிராகாஸ்ட்
* ஏர்பிளே
* எச்.டி.எம்.ஐ.
* எண்முறைச் சான்றிதழ்