பொதுவழியும் மனச்சாட்சியும்
பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களின் வரலாற்றில் சமயச் சுதந்திரம்

சமயச் சுதந்திரம் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் மேலை நாடுகளின் வரலாற்றையே துணைக்கு அழைக்கிறோம். சீர்திருத்தக் காலத்துச் சமயப் போர்களும் அமெரிக்க அரசியலமைப்பும் நம் வகுப்பறைகளில் இடம்பெறுகின்றன. ஆனால் அரசுக்கும் சமயத்துக்கும் இடையே எல்லை வகுக்கும் முயற்சி நம் மண்ணிலும் நெடுங்காலமாக நடந்துவந்துள்ளது. கொள்ளிடத்துக்கு வடக்கே பழைய திருச்சி மாவட்டத்தின் பகுதிகளாயிருந்து, இன்று பெரம்பலூர், அரியலூர் என இரு மாவட்டங்களாக விளங்கும் வட்டாரத்தின் வரலாறு இதற்குச் சான்று பகரும். அவ்வரலாற்றின் சில கட்டங்களை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

1. கொள்ளிடத்தின் இரு கரைகள்

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சமயச் சுதந்திரம் என்பது ஆளுவோரின் தயவேயன்றி மக்களின் உரிமையன்று. 1701-ஆம் ஆண்டில் தஞ்சை மராட்டிய அரசின் கீழ்க் கிறிஸ்தவர்கள் கடுமையாக ஒடுக்கப்பட்டனர். ஆற்றின் வடகரையிலோ நிலைமை வேறாயிருந்தது. அரியலூர் மழவராயர்களின் ஆட்சிப்பகுதியிலிருந்த ஏலாக்குறிச்சி, துன்புற்று வந்த கிறிஸ்தவர்களுக்குப் புகலிடமாயிற்று. வீரமாமுனிவர் அங்கே தங்கிப் பணியாற்றினார். அவ்வூருக்குத் திருக்காவலூர் என்னும் பெயரையும் வழங்கினார். அங்குள்ள ஆலயம் அடைக்கல மாதாவின் பெயரைத் தாங்கி நிற்பதும் கருதத்தக்கது.

மழவராயர்களின் பெருந்தன்மையை நாம் நன்றியுடன் நினைவுகூர வேண்டும். ஓர் இந்து ஆட்சியாளர் அளித்த நிழலில் ஒரு கிறிஸ்தவச் சமூகம் வாழ்ந்தது என்பது சிறிய செய்தியன்று. எனினும் தயவின் மேல் கட்டப்பட்ட சுதந்திரத்தின் குறைபாட்டையும் இவ்வரலாறே காட்டுகிறது. ஒரே ஆற்றின் ஒரு கரையில் அடைக்கலம், மறு கரையில் ஒடுக்குமுறை. அரசன் மாறினாலோ அவன் மனம் மாறினாலோ நிலைமையும் மாறிவிடும். மனச்சாட்சிக்கு உறுதியான காப்பு வேண்டுமாயின் அது சட்டத்தினின்றே வரவேண்டும்.

2. 1836: இரு நிகழ்ச்சிகள்

கும்பினியார் ஆட்சியில் அரசும் சமயமும் புதுவகையில் பிணைக்கப்பட்டன. 1817-ஆம் ஆண்டின் ஏழாம் ஒழுங்குமுறைச் சட்டம், சென்னை மாகாணத்துக் கோயில்களின் அறக்கொடைகளை வருவாய் வாரியத்தின் மேற்பார்வைக்குள் கொண்டுவந்தது. மாவட்டக் கலெக்டரே கோயில் சொத்துக்களின் மேற்பார்வையாளரானார்.

இதற்கு எதிராக 1836-ஆம் ஆண்டில் சென்னையில் ஒரு விண்ணப்பம் எழுந்தது. குருமாரும் மிஷனெரிகளும் அரசு அலுவலர் சிலரும் அதில் ஒப்பமிட்டனர். கிறிஸ்தவப் படைவீரர்கள் கோயில் விழாக்களில் மரியாதை செலுத்தக் கட்டளையிடப்படுவதையும், தேர் இழுக்க ஏழை மக்கள் அதிகாரிகளால் கட்டாயப்படுத்தப்படுவதையும் அது கண்டித்தது. சென்னையின் முதற்பேராயர் தானியேல் கோரி அதை அரசுக்கு அனுப்பிவைத்தார். அரசோ அதிருப்தியையே பதிலாகத் தந்தது. 1838-ஆம் ஆண்டில் சென்னைப் படைத்தலைவர் சர் பெரெகிரின் மெய்ட்லண்டு இதே காரணத்துக்காகத் தம் பதவியைத் துறந்தார். பின்னர் அரசு படிப்படியாக விலகிற்று. 1863-ஆம் ஆண்டின் இருபதாம் சட்டம் அவ்விலகலை நிறைவு செய்தது.

அதே 1836-ஆம் ஆண்டில் அரியலூர் வட்டாரத்தில் நடந்த மற்றொரு நிகழ்ச்சியையும் இதனோடு சேர்த்து எண்ண வேண்டும். கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டபோது, இராசேந்திர சோழன் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரம் கோயிலின் சுற்றுமதில் பெரும்பாலும் இடிக்கப்பட்டு, அதன் கருங்கற்கள் அணைக்கு எடுத்துச் செல்லப்பட்டன. சட்டப்படி கோயில்களின் காவலராயிருந்த அரசே, தனக்குத் தேவை வந்தபோது அவற்றைக் கல்லெடுக்கும் இடமாகக் கருதிற்று. அரசின் கைக்குள் இருப்பது ஒரு சமயத்துக்குப் பெருமையும் பாதுகாப்பும் தரும் என்று எண்ணுவோர் இம்மதிலின் கதையை மறவாதிருப்பது நலம்.

விண்ணப்பமிட்டோரின் நிலையையும் நடுநிலையோடு ஆராய வேண்டும். கோயிலினின்று அரசு விலக வேண்டும் என்று கேட்ட குருமாரில் பலர் அரசின் கருவூலத்திலிருந்தே ஊதியம் பெற்றனர். பேராயரின் பதவியும் 1833-ஆம் ஆண்டின் பட்டயச் சட்டத்தால் ஏற்பட்டதே. 1927-ஆம் ஆண்டின் இந்தியத் திருச்சபைச் சட்டத்தின்படி 1930-இல்தான் இந்நாட்டு ஆங்கிலிக்கன் திருச்சபை இங்கிலாந்துத் திருச்சபையின் சட்டப் பிணைப்பினின்று விடுபட்டது. அரசு பிற சமயத்தினின்று விலக வேண்டும் என்பது எளிய கோரிக்கை. நம் சமயத்தினின்றும் விலக வேண்டும் என்பது அரிய கோரிக்கை. முதலாவதை நம் முன்னோர் துணிவுடன் கேட்டனர். இரண்டாவதைக் கேட்க மிகவும் தாமதித்தனர்.

3. தெரு யாருக்குச் சொந்தம்?

அரசு கோயில் நிர்வாகத்தினின்று விலகிய பின்னும் ஒரு வினா எஞ்சி நின்றது. வழிபாடு ஆலயத்துக்குள் மட்டும் நிகழ்வதில்லை. தேராகவும் கூடாகவும் பவனியாகவும் அது தெருவுக்கு வருகிறது. அங்கே ஒருவரின் பக்தி மற்றவரின் வாசலைக் கடந்து செல்கிறது.

1882-ஆம் ஆண்டில் சேலத்தில், ஊர்வலப் பாதையில் இருந்த மசூதி காரணமாக இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே பெருங்கலவரம் மூண்டது. இதையொட்டி எழுந்த வழக்கில் 1883-ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு முக்கியமான நெறியை நிலைநாட்டிற்று. எந்தச் சமயத்தாரும் பொதுத் தெருவில் ஊர்வலம் செல்லலாம். ஆனால் பிறர் அத்தெருவைப் பயன்படுத்தும் உரிமைக்கு அது தடையாகலாகாது. அமைதி காக்க நீதிபதிகள் சட்டப்படி இடும் கட்டளைகளுக்கும் உட்படவேண்டும். எந்தச் சமயம் மெய்யானது என்று நீதிமன்றம் கேட்கவில்லை. தெரு பொதுவானதா என்றே கேட்டது.

இந்நெறியின் பயன் பின்னர் வெளிப்பட்டது. வடநாட்டில் ஔரங்காபாத் என்னும் ஊரில், சுன்னி முஸ்லிம்களின் மசூதி வழியே ஷியா முஸ்லிம்கள் ஊர்வலம் செல்வது பற்றி வழக்கு எழுந்தது. 1924-ஆம் ஆண்டில் இலண்டன் பிரிவி கவுன்சில் சென்னை நீதிமன்றத்தின் நெறியையே ஏற்று ஷியாக்களின் உரிமையை உறுதிசெய்தது. இந்துக்களின் ஊர்வலங்களையொட்டிப் பிறந்த நெறி ஒரு முஸ்லிம் சிறுபான்மையினரைக் காத்தது. ஒருவருக்காக வகுக்கப்பட்ட நேர்மையான விதி, வேறொருவர் நெருக்கடியில் நிற்கும்போது அவருக்கும் அரணாகிறது.

4. அரசியலமைப்பும் அதன் சோதனைகளும்

1948-ஆம் ஆண்டு டிசம்பரில் அரசியலமைப்பு மன்றம் சமயச் சுதந்திரம் பற்றிய விதியை விவாதித்தது. சமயத்தைப் பரப்பும் உரிமையைச் சேர்ப்பதற்குக் கடும் எதிர்ப்பு இருந்தது. அவ்வுரிமையை ஆதரித்துப் பேசியோருள் சென்னை மாகாணத்து இந்து உறுப்பினரான டி. டி. கிருஷ்ணமாச்சாரியும் ஒருவர். நமது உரிமையை நமக்காகப் பேசியவர்கள் நாம் மட்டும் அல்லர் என்பதை இது நினைவூட்டுகிறது. மனச்சாட்சிச் சுதந்திரமும், சமயத்தைத் தழுவவும் கைக்கொள்ளவும் பரப்பவும் உள்ள உரிமையும், பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு இருபத்தைந்தாம் விதியில் எல்லா மக்களுக்கும் உறுதியளிக்கப்பட்டன.

ஆயினும் சட்டம் மனச்சாட்சியின் எல்லைக்குள் மீண்டும் மீண்டும் கால்வைத்தது. 1950-ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதிகள் ஆணை, இந்து சமயத்தைச் சாராதவர் பட்டியல் சாதியினராகக் கருதப்படார் என்று கூறிற்று. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் சேர்க்கப்படவில்லை. ஒரே சேரியில் ஒரே இழிவைச் சுமக்கும் இரு சகோதரருள், ஞானஸ்நானம் பெற்றவர் சட்டத்தின் பார்வையில் வேறொருவராகிறார்.

1977-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், பரப்பும் உரிமை என்பது பிறரை மதம் மாற்றும் உரிமையன்று என்று தீர்ப்பளித்து, மத்தியப் பிரதேசத்திலும் ஒரிசாவிலும் இயற்றப்பட்ட சட்டங்களை நிலைநிறுத்திற்று. தமிழ்நாட்டில் 2002-ஆம் ஆண்டு அக்டோபரில் கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டம் பிறந்தது. அம்மாதமே சட்டமன்றமும் அதை நிறைவேற்றிற்று. மதமாற்றச் சடங்கை நடத்துவோர் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்று அது விதித்தது. வற்புறுத்தியோ ஆசைகாட்டியோ மோசடியாலோ மதம் மாற்றுவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும், மாற்றப்பட்டவர் பெண்ணாகவோ சிறாராகவோ தாழ்த்தப்பட்டவராகவோ பழங்குடியினராகவோ இருப்பின் நான்காண்டு வரை சிறையும் விதிக்கப்பட்டன. அவ்வாண்டு அரியலூர் மாவட்டம் மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டிருந்தமையால், இரு வட்டாரத்துப் போதகர்களும் தாங்கள் கொடுக்கும் ஞானஸ்நானத்தைப் பற்றிப் பெரம்பலூர் ஆட்சியருக்கே அறிவிக்கக் கடமைப்பட்டனர். 2004-ஆம் ஆண்டு மே மாதத்தில் இச்சட்டம் நீக்கப்பட்டது.

வற்புறுத்தலும் ஏமாற்றும் தீயவை என்பதில் நமக்கு ஐயமில்லை. அவற்றைத் தண்டிக்கப் பொதுச் சட்டங்கள் உள்ளன. ஆனால் பெண்களும் தாழ்த்தப்பட்டோரும் தம் மனத்தைத் தாமே அறியாதவர் என்னும் எண்ணம் அச்சட்டத்தின் அடியில் கிடந்தது. அது அவர்களைக் காப்பதாகக் கூறி அவர்களுடைய மனச்சாட்சியையே மறுத்தது.

5. களத்தூர் வழக்கு

அண்மைக் காலத்தில் பெரம்பலூர் மாவட்டத்து வ. களத்தூரில் எழுந்த வழக்கு நம் சிந்தனையைக் கூர்மையாக்குகிறது. அங்கே முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் தெருக்களின் வழியே கோயில் ஊர்வலங்கள் 2011 வரை தடையின்றி நடந்தன. 2012 முதல் முஸ்லிம்கள் தரப்பில் எதிர்ப்பு எழுந்தது. 2021-ஆம் ஆண்டில் நீதிபதிகள் என். கிருபாகரன், பி. வேல்முருகன் ஆகியோர் ஊர்வலங்கள் பழைய முறைப்படி செல்லலாம் என்று தீர்ப்பளித்தனர். சாதி சமய வேறுபாடின்றிச் சாலைகள் எல்லார்க்கும் உரியவை என்னும் 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டப் பிரிவையும் எடுத்துக்காட்டினர். ஓரிடத்தில் மிகுதியாக வாழ்வோர் மற்றவரின் விழாவைத் தடுக்கலாம் என்று ஒப்புக்கொண்டால், நாட்டின் பெரும்பாலான இடங்களில் சிறுபான்மையினர் எந்த விழாவையும் நடத்த முடியாது என்றும் சுட்டிக்காட்டினர்.

இத்தீர்ப்பை ஒரு சமயம் மற்றொன்றின் மேல் அடைந்த வெற்றியாகப் பரப்பியோரும் உண்டு. அது தவறான வாசிப்பு. இந்நெறி இருபுறமும் வெட்டும் வாளாகும். களத்தூரில் தேருக்குத் தெரு திறக்கப்படுமாயின், வேறோர் ஊரில் சந்தனக்கூட்டுக்கும், நம் குருத்தோலைப் பவனிக்கும், ஒரு குடிசையில் கூடும் சிறிய ஜெபக்கூட்டத்துக்கும் வழி திறக்கப்பட வேண்டும். எண்ணிக்கையால் உரிமையை அளக்கலாகாது என்பது அங்கே முஸ்லிம்களுக்குக் கூறப்பட்டது. பிற இடங்களில் இந்துக்களுக்கும், நாம் மிகுந்து வாழும் ஊர்களில் நமக்கும் அது கூறப்படுகிறது.

6. திருச்சபைக்கு வரும் அழைப்பு

எபேசு நகரின் கலவரத்தை இவ்விடத்தில் நினைவுகூரலாம் (அப். 19). தியானாளின் பெயரைச் சொல்லிக் கூச்சலிட்ட கூட்டத்தை அமர்த்தியவர் அந்நகரத்தின் சம்பிரதி; அவர் கிறிஸ்தவர் அல்லர். பவுலின் உபதேசம் மெய்யா பொய்யா என்று அவர் ஆராயவில்லை. வழக்கிருந்தால் நியாயஸ்தலம் உண்டு என்று கூறிக் கூட்டத்தைக் கலைத்தார். தன் எல்லையை அறிந்த அலுவலர் ஒருவரால் சுவிசேஷத்தின் தூதர்கள் காக்கப்பட்டனர். அரசினிடம் திருச்சபை எதிர்பார்க்க வேண்டியது இவ்வளவே. இதற்கு மேல் சலுகை கேட்பது, கேட்டதைக் கொடுத்தவரே மீண்டும் எடுத்துக்கொள்ள இடமளிப்பதாகும்.

விசுவாசம் கட்டாயத்தால் பிறப்பதன்று. ஆகவே கட்டாயத்தைக் கையாளும் அரசு விசுவாசத்தின் நடுவராக இருக்க இயலாது. இது நமக்கு வசதியான கொள்கை மட்டுமன்று. கடவுள் மனிதனைச் சுயாதீனமுள்ளவனாக அழைக்கிறார் என்னும் நம் அறிக்கையினின்று பிறப்பது. அப்படியாயின் அண்டை வீட்டாரின் மனச்சாட்சியும் அதே கடவுளால் மதிக்கப்படுகிறது.

ஆகவே இவ்வட்டாரத்தில் ஊழியஞ்செய்யும் போதகர்களும், ஊழியத்துக்கு ஆயத்தமாகும் மாணவர்களும் ஒரு கேள்வியைத் தம் சபைகளின் முன் வைக்க வேண்டும். நம் ஜெபவீட்டுக்கு அனுமதி மறுக்கப்படும்போது நாம் உரிமை பேசுகிறோம். நம் ஆலயத் தெருவில் தேர் வரும்போதும் அதே உரிமையைப் பேசுவோமா? ஊர்க் கூட்டங்களில் ஒரு முஸ்லிம் குடும்பத்துக்காகவோ ஒரு சிறு கோயிலின் விழாவுக்காகவோ வாய்திறக்கும் போதகர், தம் சபையின் சுதந்திரத்துக்கும் அரண் கட்டுகிறார். மழவராயர் நமக்குச் செய்ததைத் தயவாகச் செய்தார். நாம் பிறருக்குச் செய்யவேண்டியது தயவன்று, நியாயம்.