நெய்யூரில் போட்ட தையல்

உடல் எடையைக் குறைக்க இரைப்பையில் ஆபரேஷன் செய்துகொண்டு வீடு திரும்புகிறவர்களிடம் ஒரு உணவுத்தாளைக் கொடுத்து அனுப்புவார்கள். பாண்டிச்சேரியில் கொடுப்பதும் பாரிஸில் கொடுப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். முதல் இரண்டு வாரம் குடிக்கக்கூடியது மட்டும். அப்புறம் மசித்தது, அப்புறம் குழைய வேகவைத்தது. பழையபடி சோறு, குழம்பு என்று உட்கார ஒன்றரை, இரண்டு மாதம் ஆகிவிடும். அதுவும் வேளைக்கு அரை கப், முக்கால் கப். நன்றாக மென்று விழுங்கவேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது, அரைமணி நேரம் தள்ளித்தான் குடிக்கவேண்டும். இனிப்பைத் தொடாமல் இருப்பது நல்லது. நாளுக்கு 60 கிராம் புரதம். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆயுள் முழுக்க.

இதை ஏதோ இருபத்தோராம் நூற்றாண்டின் லைஃப்ஸ்டைல் சமாச்சாரமாகத்தான் பார்க்கிறோம். ஆனால் இதில் பாதிக்குமேல் குண்டானவர்களை மனதில் வைத்து உருவானதே இல்லை. வயிற்றுப்புண்ணால் சுருண்டுகிடந்த, எலும்பும் தோலுமான மனிதர்களின் வயிற்றைத் திறந்து தைத்த டாக்டர்கள், பிறகு அந்த மனிதர்கள் படும் பாட்டைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. அவர்களில் நிறையப் பேர் நம் ஊர்க்காரர்கள்.

கதை வியன்னாவில் தொடங்குகிறது. 1881 ஜனவரியில் தியோடர் பில்ரோத் ஒரு பெண்ணின் இரைப்பையில் புற்று வந்த அடிப்பகுதியை வெட்டியெடுத்துவிட்டு மீதியைக் குடலோடு தைத்தார். அவர் நான்கு மாதம் போல உயிரோடிருந்தார். அதே வருடம் செப்டம்பரில் பில்ரோத்தின் உதவியாளர் ஆன்டன் வோல்ஃப்ளர் இன்னொருவரின் வயிற்றைத் திறந்தபோது, வெட்டியெடுக்கவே முடியாதபடி புற்று பரவியிருந்தது. அடைத்துக்கொண்ட வழியை அப்படியே விட்டுவிட்டு, சிறுகுடலின் ஒரு வளையத்தை மேலே இழுத்து இரைப்பையோடு நேராகத் தைத்துவிட்டார். ஊருக்குள்ளே டிராஃபிக் நெரிந்தால் வெளியே பைபாஸ் ரோடு போடுகிற மாதிரி. கேஸ்ட்ரோஜெஜுனாஸ்டமி என்று பெயர். தமிழில் சொன்னால் இரைப்பைக்கும் சிறுகுடலுக்கும் ஒரு குறுக்குவழி, அவ்வளவுதான்.

இந்தக் குறுக்குவழித் தையல் தென்னிந்தியாவுக்கு வந்து சேர்ந்த இடங்களில் முக்கியமானது நெய்யூர். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம், அன்று தென் திருவிதாங்கூர். லண்டன் மிஷன் சங்கத்தின் ஆஸ்பத்திரி அங்கே 1838 முதல் இருந்தது. 1922 எவரெஸ்ட் பயணத்தில் போயிருந்த ஹோவர்ட் சோமர்வெல் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர், மலையிலிருந்து இறங்கியபின் இந்தியாவைச் சுற்றிப்பார்க்க வந்து நெய்யூரை எட்டிப்பார்த்தார். ஏழு சுமைதூக்கிகள் பனிச்சரிவில் செத்துப்போன பயணம் அது, அந்தக் குற்றவுணர்வு அவருக்குக் கடைசிவரை இருந்தது. நெய்யூரில் காத்திருந்த கூட்டத்தையும் அதைச் சமாளித்துக்கொண்டிருந்த ஒற்றை சர்ஜனையும் பார்த்தார். லண்டனில் அவருக்குக் காத்திருந்த எதிர்காலத்தை விட்டுவிட்டு அங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டார். நடுவில் 1924ல் மறுபடி எவரெஸ்ட், ஆக்சிஜன் இல்லாமல் எட்டாயிரத்து ஐநூறு மீட்டருக்கு மேல். திரும்பிவந்து மறுபடி நெய்யூர். எவரெஸ்டைப் பற்றி எழுதுகிறவர்கள் நெய்யூரை ஒரு வரியில் முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அது தலைகீழாகப் படுகிறது.

அங்கே அவர் பார்த்தது அல்சர், அல்சர், அல்சர். முன்சிறுகுடலில் புண் வந்து, ஆறி, மறுபடி வந்து, கடைசியில் தழும்பு கட்டி வழியே அடைத்துப்போனவர்கள். சாப்பிட்டது கீழே இறங்காது. வாந்தி எடுத்தே இளைத்துப்போவார்கள். அன்று அல்சருக்கு உருப்படியான மாத்திரை கிடையாது. அடைப்பைத் தாண்டிக் குறுக்குவழி போடுவதுதான் வைத்தியம். சோமர்வெல்லும் அவருடைய சகா இயன் ஓரும் அப்படி ஆயிரக்கணக்கில் ஆபரேஷன் செய்தார்கள். தங்கள் அனுபவத்தை 1936ல் பிரிட்டிஷ் அறுவைசிகிச்சை இதழில் எழுதினார்கள். சோமர்வெல் பின்னர் இரைப்பை அறுவை பற்றித் தனியாக ஒரு நூலே எழுதினார், வேலூர் சி.எம்.சி.யில் பாடமும் எடுத்தார்.

ஏன் இங்கே இவ்வளவு? மரவள்ளிக்கிழங்கும் மிளகாயும்தான் காரணம் என்று அவர்கள் சந்தேகப்பட்டார்கள். குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் எலிகளுக்கு இந்தியாவின் பல பகுதி மக்களின் சாப்பாட்டைப் போட்டு வளர்த்துப் பார்த்தார். திருவிதாங்கூர் ஏழைகளின் கிழங்குச் சாப்பாட்டையும் மதராஸ் ஏழைகளின் அரிசிச் சாப்பாட்டையும் தின்ற எலிகளுக்கு இரைப்பையில் புண் வந்தது. வடக்கத்திய கோதுமை, பால் தின்ற எலிகள் நன்றாக இருந்தன. பாக்டீரியா பற்றி யாருக்கும் அப்போது தெரியாது. ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது: இந்த ஆபரேஷன் இங்கே ஏழைகளின் ஆபரேஷனாக இருந்தது.

தையல் போட்டபின் புதுப் பிரச்சினைகள் முளைத்தன. சாதாரணமாக இரைப்பையின் வாசலில் ஒரு வால்வு உண்டு. உணவை அரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குடலுக்கு விடும். குறுக்குவழியில் அந்த வாசற்காவல் இல்லை. சர்க்கரையும் மாவும் நேராகக் குடலில் போய் விழும். குடல் அதைக் கரைக்க ரத்தத்திலிருந்து நீரை இழுக்கும். சாப்பிட்ட கால்மணி, அரைமணியில் படபடப்பு, வியர்வை, மயக்கம், வயிற்றுப்போக்கு. லண்டனில் ஹெர்ட்ஸ் என்ற மருத்துவர் 1913ல் இதை விவரித்தார். 1922ல் சார்லஸ் மிக்ஸ் என்ற அமெரிக்கர் ‘டம்ப்பிங்’ என்று பெயர் வைத்தார், லாரியிலிருந்து மண்ணைக் கொட்டுகிற மாதிரி கொட்டுவதால். கொஞ்சமாகச் சாப்பிடு, திடப்பொருளையும் நீரையும் பிரி, இனிப்பைக் குறை, முடிந்தால் சாப்பிட்டதும் கொஞ்சநேரம் படு. உணவுத்தாளின் முதல் பாதி வந்தது இப்படித்தான்.

என் தாத்தா முதலியார்பேட்டை ரோடியர் மில்லில் ஷிஃப்ட் வேலை பார்த்தவர். 1974ல் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அவருக்கு இந்தக் குறுக்குவழி போட்டார்கள். அதன்பின் இருபது வருடத்துக்குமேல் இருந்தார். நான் பார்த்த தாத்தா ஒரு வேளைச் சாப்பாட்டை மூன்றாகப் பிரித்து, கிண்ணத்தில் வைத்துக்கொண்டு, எண்ணி எண்ணி மெல்லுவார். பக்கத்தில் தண்ணீர் சொம்பு இருக்காது. சாப்பிட்டு முடித்ததும் திண்ணையில் இடதுபக்கம் சாய்ந்து படுப்பார். கல்யாண வீட்டில் பாயசத்தைத் தொடமாட்டார். இதெல்லாம் அவருடைய முசுட்டுக் குணம் என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் நினைத்தோம்.

2022ல் என் பெரியப்பா மகளுக்கு பைபாஸ் ஆபரேஷன் நடந்தது. சர்க்கரை நோய், 112 கிலோ. மூன்றாவது மாதம் வீட்டுக்குப் போயிருந்தபோது அக்கா சின்னக் கிண்ணத்தில் மீன்குழம்புச் சோற்றைப் போட்டுக்கொண்டு மென்றுகொண்டிருந்தாள். ஆயாவுக்கு அப்போது எண்பத்தைந்து தாண்டியிருக்கும். கொஞ்சநேரம் உற்றுப்பார்த்துவிட்டு, “இன்னாடி இது, உங்க தாத்தா துன்ற மாதிரியே துன்றே?” என்றார். அக்கா சிரித்தாள். ஆயா விடவில்லை. “தண்ணி குடிக்காத. வெல்லம் போட்ட பணியாரம் குடுத்தா வாங்காத. அவருக்கு அப்டியே வேர்த்து ஊத்தும், கை நடுங்கும். ஒருநாள் தீபாவளியன்னிக்கு பயந்தே பூட்டேன்.” டயட்டீஷியன் ஸ்லைடு போட்டு விளக்கியது அத்தனையும் ஆயாவுக்கு ஐம்பது வருடமாகத் தெரிந்திருந்தது.

இரண்டும் ஒரே மாதிரி இருப்பது தற்செயல் இல்லை. அமெரிக்காவின் அயோவாவில் எட்வர்ட் மேசன் என்ற சர்ஜன், அல்சருக்காக இரைப்பையின் பெரும்பகுதியை எடுத்த பெண்கள் பிறகு எடை போடவே திணறுவதைக் கவனித்தார். அல்சர் டாக்டர்களுக்கு அது தொந்தரவு. மேசன் அதையே நோக்கமாக்கினார். (எங்கள் தொழிலில் பக்-கை ஃபீச்சர் ஆக்குவது என்போம்.) இரைப்பையின் மேல்பகுதியில் ஒரு சிறு பையை மட்டும் பிரித்து, அதில் குடல் வளையத்தைத் தைத்தார். 1960களின் நடுவில் பிறந்த கேஸ்ட்ரிக் பைபாஸ் அதுதான். அதற்கு முன் குடலின் பெரும்பகுதியைத் துண்டித்துவிடும் ஆபரேஷன் ஒன்று இருந்தது. கல்லீரலைக் கெடுத்ததால் கைவிட்டார்கள். இன்று இந்தியாவில் நிறைய நடக்கும் மினி பைபாஸ், மேசன் போட்ட அதே ஒற்றைத் தையலின் திருத்திய வடிவம். ஸ்லீவ் வேறு வகை. அதில் இரைப்பையின் முக்கால் பங்குக்குமேல் வெட்டியெடுத்துவிடுவார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் அதிகம் சுரக்கும் மேல்பகுதியும் அதோடு போய்விடும்.

ஆபரேஷனுக்கு ஆள் மாறிய வேகம்தான் எனக்கு ஆச்சரியம். 1976ல் சிமெட்டிடின் வந்தது, பிறகு ஒமெப்ரசோல். 1984ல் ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல் ஹெலிகோபாக்டர் கிருமியைத் தானே குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொண்டு, அல்சருக்கு அடிப்படை அந்த பாக்டீரியா என்று வாதாடினார். 2005ல் அவருக்கும் ராபின் வாரனுக்கும் நோபல். இரண்டு வார மாத்திரை, அல்சர் ஆபரேஷன் தியேட்டரைக் காலிசெய்துவிட்டது. அதே காலத்தில் நம் ஊர் ரேஷன் அரிசியும் எண்ணெயும் பேக்கரியும் நிறைந்த ஊராகிவிட்டது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் புதுச்சேரிப் பெண்களிலும் ஆண்களிலும் நூற்றுக்கு நாற்பதுக்குமேல் அதிக எடை. தாத்தா தலைமுறை எடை போட முடியாமல் தவித்த ஊர் இது.

2024 ஏப்ரலில் புதுச்சேரி இளைஞர் ஒருவர் சென்னைப் பக்கம் எடைக்குறைப்பு ஆபரேஷனுக்குப் போய் இறந்துபோனார். ஊரே அதைப் பேசியது. அந்தப் பயம் நியாயமானது. அனுபவமுள்ள இடங்களில் ஆபரேஷன் மரணம் ஆயிரத்தில் ஒன்று, இரண்டு என்ற அளவில்தான் என்றாலும், அந்த ஒருவர் யாருக்கோ பிள்ளை. ஆனால் மேசையில் நடப்பதைப் பற்றி மட்டுமே பேசுகிறோம் என்பதுதான் என் குறை. பின்னால் வருவது மெதுவாக வருகிறது.

தாத்தாவுக்கு 1980களின் நடுவில் பாதம் மரத்துப்போக ஆரம்பித்தது. நடை தள்ளாடியது, முகம் வெளுத்தது. வயசாயிடுச்சு என்றார்கள். உடம்பில் பி12 சேருவதற்கு இரைப்பையின் அமிலமும் அது சுரக்கும் ஒரு புரதமும் வேண்டும். குறுக்குவழியிலும் வெட்டிய இரைப்பையிலும் அந்த வேலை ஒழுங்காக நடக்காது. ஆனால் கல்லீரலில் பி12 கையிருப்பு சில வருடத்துக்கு ஓடும். அதனால் பற்றாக்குறை தெரிய ஆரம்பிக்கும்போது ஆபரேஷனை எல்லோரும் மறந்திருப்பார்கள். இரும்பும் அப்படித்தான், முன்சிறுகுடல்தான் அதை அதிகம் உறிஞ்சும் இடம், பைபாஸ் தாண்டிப்போவது அதையே. கால்சியம் குறைந்து எலும்பு மெலிவதும் பழைய அல்சர் நோயாளிகளிடம் பார்த்த விஷயம். விடாமல் வாந்தி எடுத்தால் தயமின் சில வாரங்களிலேயே தீர்ந்து மூளையைத் தாக்கலாம். இது மட்டும் கையிருப்பு இல்லாத வைட்டமின், காத்திருக்கக்கூடாது.

பாண்டிக்காரர்களுக்கு இன்னொன்றையும் சொல்லவேண்டும். பைபாஸுக்குப் பிறகு சாராயம் ரத்தத்தில் சட்டென்று ஏறும், பழைய அளவு பழைய அளவாக இருக்காது. முன்பு சாப்பாட்டில் கிடைத்த ஆறுதலைக் குடியில் தேடிப்போகிறவர்கள் உண்டு என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தெருவுக்குத் தெரு கடை இருக்கும் ஊரில் இது தாளின் ஓரத்தில் பொடி எழுத்தில் போடுகிற விஷயம் இல்லை.

2020 முதல் வந்த விதிகளின்படி இந்திய இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் நிபந்தனைகளோடு இந்த ஆபரேஷனுக்குப் பணம் தருகின்றன. நல்லதுதான். டிஸ்சார்ஜுக்குப் பின்னான செலவை வழக்கமாக 60, 90 நாள் வரை தருவார்கள். கல்லீரலின் கையிருப்பு தீருவது அதற்கு வெகுகாலம் கழித்து. 2025ல் எடை குறைக்கும் ஊசிகள் இந்தியக் கடைகளுக்கு வந்துவிட்டன. அல்சர் ஆபரேஷனை மாத்திரை ஒழித்த மாதிரி இதையும் ஊசி ஒழித்துவிடும் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஒழிக்கலாம். ஏற்கெனவே தைத்துக்கொண்டவர்கள் அப்போதும் இருப்பார்கள்.

தாத்தாவைக் காப்பாற்றியது ஒரு தழும்பு. நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புள்வரை ஒரு கோடு. காலைக் காட்டப் போன இடத்தில் ஒரு இளம் டாக்டர் சட்டையைத் தூக்கிப் பார்த்து, “வயித்துல எப்ப ஆபரேஷன் ஆச்சு பெரியவரே?” என்று கேட்டார். அன்றிலிருந்து பி12 ஊசி. அக்காவுக்கு லேப்ராஸ்கோப்பி, ஐந்து ஓட்டைகள், இப்போதே தேடினால்தான் தெரிகிறது. இன்னும் பதினைந்து வருடத்தில் சுத்தமாக மறைந்துவிடும் என்று டாக்டர் பெருமையாகச் சொன்னாராம்.