தானியங்கி நிரலாக்கம்: எழுபது ஆண்டுக் கனவின் வரலாறு

'நிரல்' என்னும் சொல்லுக்கு வரிசை, ஒழுங்கு என்பது பொருள். சொற்களையும் அவற்றின் பொருள்களையும் முறை பிறழாமல் அடுக்கி உரைப்பதை நம் இலக்கணிகள் நிரல்நிறை என்றனர். கணினி ஆற்றவேண்டிய செயல்களை ஒன்றன்பின் ஒன்றாக அமைத்து எழுதும் ஆணைத் தொகுதிக்கு 'நிரல்' என்று பெயர் வழங்கியது பொருத்தமே. அந்நிரலை மனிதர் எழுதவேண்டியதில்லை, கருவியே எழுதிவிடும் என்னும் செய்தி இன்று நம் வகுப்பறைகளையும் எட்டியுள்ளது. கணினித் துறையைத் தேர்ந்தெடுக்கலாமா என்று மாணவர் தயங்குகின்றனர். என்ன அறிவுரை கூறுவது என்று ஆசிரியரும் தயங்குகின்றனர். ஆனால் இத்தயக்கம் புதியதன்று. 1950களிலேயே இக்கேள்வி எழுந்தது. அதற்குக் காலம் ஒரு விடையும் தந்தது. அவ்விடை நமக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

எண்களோடு போராடிய காலம்

தொடக்கக் காலக் கணினிகளுக்கு எண்களாலேயே ஆணையிடவேண்டியிருந்தது. கூட்டுக என்பதற்கு ஓர் எண். கூட்டவேண்டிய மதிப்பு நினைவகத்தில் எங்குள்ளது என்பதற்கு மற்றோர் எண். இடையில் ஓர் ஆணையைப் புதிதாகச் செருகினால், அதற்குப் பின்னுள்ளவற்றின் முகவரிகள் மாறிவிடும்; அவற்றைச் சுட்டும் ஆணைகளையெல்லாம் திருத்தவேண்டும். பல நிலையங்களில் இப்பணி இரண்டாகப் பிரிந்திருந்தது. கணக்கை ஆராய்ந்து வழிமுறை வகுப்பவர் ஒருவர். அதனை எண்களாக மாற்றி எழுதும் 'கோடர்' மற்றொருவர். 1949இல் கேம்பிரிட்ஜில் எட்சாக் கணினியை இயக்கிக் காட்டிய மாரிஸ் வில்க்ஸ், தம் வாழ்நாளின் பெரும்பகுதி தம் நிரல்களிலுள்ள வழுக்களைத் தேடுவதிலேயே கழியப்போகிறது என்று அக்காலத்தில் உணர்ந்ததாகப் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார்.

இச்சுமையைக் கணினியின்மேலேயே ஏற்றலாம் எனக் கருதியவர்களுள் முதன்மையானவர் கிரேஸ் ஹாப்பர். கணிதப் பேராசிரியராக இருந்து அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த அவர், யூனிவாக் கணினிக்காக ஏ-0 என்னும் கருவியை உருவாக்கினார். முன்னரே எழுதிச் சேமித்த துணைநிரல்களைத் தேடியெடுத்துக் கோத்துத் தந்தமையால் அது 'கம்பைலர்', அதாவது தொகுப்பி, எனப் பெயர் பெற்றது. 1952 மே மாதம் பிட்ஸ்பர்க் மாநாட்டில் அவர் வாசித்த கட்டுரை, கணினிக்குக் கல்வி புகட்டுவதைப் பற்றியது. கணினி கற்றுக்கொண்டால் நிரலர் மீண்டும் கணித அறிஞராகலாம் என்பது அவருடைய நம்பிக்கை.

பின்னர், ஆணைகளை ஆங்கிலச் சொற்களால் எழுதலாம் என்று அவர் முன்மொழிந்தார். அதே நிரலைப் பிரெஞ்சு, ஜெர்மன் சொற்களாலும் எழுதிக் காட்டினார். எந்த மொழிச் சொல்லும் கணினிக்கு வெறும் குறியீடே என்பதை விளக்குவது அவர் நோக்கம். ஆனால் அமெரிக்கக் கணினி அயல்மொழியைப் புரிந்துகொள்வதாவது என்று மேலாளர்கள் திகைத்தனர் என ஹாப்பர் பின்னர்க் கூறியுள்ளார். மொழி ஆர்வலராகிய நாம் எண்ணிப் பார்க்கவேண்டிய நிகழ்ச்சி இது.

ஃபோர்ட்ரான் தந்த பாடம்

'தானியங்கி நிரலாக்கம்' என்னும் தொடர் அப்போதே வழக்கில் இருந்தது. 1954 மே மாதம் வாஷிங்டனில் அப்பொருள்பற்றியே ஒரு கருத்தரங்கு நடைபெற்றது. அவ்வாண்டு நவம்பரில், ஐபிஎம் நிறுவனத்தின் ஜான் பேக்கஸ் குழுவினர் ஃபோர்ட்ரான் மொழிக்கான முன்னறிக்கையை வெளியிட்டனர். எண்களாக மாற்றி எழுதும் வேலையும் வழுநீக்க வேலையும் ஏறத்தாழ இல்லாமற் போய்விடும் என்று அவ்வறிக்கை உறுதி கூறியது. இம்முயற்சிக்குப் பொருளியல் காரணமும் இருந்தது. கணினி நிலையத்தை நடத்தும் செலவில் முக்கால் பங்குவரை நிரல் எழுதுவதற்கும் திருத்துவதற்கும் போய்விடுகிறது என்று பேக்கஸ் கணித்திருந்தார்.

நிரலர் பலர் இதனை நம்பவில்லை. கைதேர்ந்த மனிதர் எழுதும் நிரலின் விரைவை இயந்திரம் எழுதும் நிரல் எட்டாது என்றனர். ஐயத்தை வெல்லும் வழி அவ்விரைவை எட்டிக் காட்டுவதே எனக் குழுவினர் உணர்ந்தனர். சுமார் 18 ஆள்-ஆண்டு உழைப்புக்குப் பின், 1957 ஏப்ரலில் ஐபிஎம் 704 கணினிக்கான தொகுப்பி வெளிவந்தது.

அவ்வாண்டு குழுவினர் வெளியிட்ட கட்டுரையில் ஒரு நிகழ்ச்சி இடம்பெற்றுள்ளது. ஒரே நாள் பயிற்சி பெற்ற நிரலர் ஒருவர், நான்கு மணி நேரத்தில் 47 ஃபோர்ட்ரான் கூற்றுகளை எழுதினார். கணினி ஆறு நிமிடங்களில் அவற்றை ஏறத்தாழ 1000 இயந்திர ஆணைகளாக மாற்றியது. கையால் எழுதினால் மூன்று நாள் ஆகியிருக்கும். வழுநீக்கத்திற்கு இன்னும் எத்தனை நாளோ என்பது அவருடைய மதிப்பீடு. ஆனால் முதலில் கிடைத்த விடை பிழையானது! விடையை ஆராய்ந்த அவர், தாம் எழுதிய ஒரு கூற்றிலேயே பிழை இருப்பதைக் கண்டு திருத்தினார். மாற்றி எழுதும் வேலை கணினிக்குச் சென்றது; எண்ணிப் பார்க்கும் வேலை மனிதரிடமே நின்றது.

1958 ஏப்ரலில் 26 நிலையங்களில் எடுத்த கணக்கின்படி, அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை தம் கணக்குகளில் பாதிக்கு மேற்பட்டவற்றை ஃபோர்ட்ரானிலேயே செய்தன. காலப்போக்கில் 'கோடர்' என்னும் தனிப் பணி மறைந்தது. ஆயினும் நிரலரின் தேவை பெருகவே செய்தது. நிரல் எழுதும் செலவு குறைந்ததும், முன்பு எவரும் துணியாத பெரிய பணிகள் கணினியிடம் வந்தன. 1968இல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் கூடிய அறிஞர்கள், மென்பொருள் துறையின் நெருக்கடிபற்றி விவாதிக்கும் அளவுக்கு அவை பெருகியிருந்தன. ஒவ்வொரு காலத்திலும், அன்றுள்ளதைவிட உயர்ந்த ஒரு நிரல்மொழியையே தானியங்கி நிரலாக்கம் என்று அழைத்து வந்துள்ளோம் என்று 1985இல் டேவிட் பார்னாஸ் சுட்டிக்காட்டினார்.

இன்றைய வேறுபாடு

2021 ஜூனில் கிட்ஹப் கோபைலட் அறிமுகமானது. இன்று இத்தகைய கருவிகளிடம் தமிழிலும் வேண்டுகோள் விடுக்கலாம். அன்று நிகழ்ந்ததே இன்றும் நிகழும் என்று நாம் ஆறுதல் கொள்ளலாமா? முழுமையாக இயலாது.

தொகுப்பி விதிகளின்படி இயங்குவது. நிரலர் எழுதிய பொருள் சிதையாமல் இயந்திர ஆணையாவதால், அவ்வாணைகளை எவரும் படித்துச் சரிபார்க்க வேண்டியதில்லை. புதிய கருவியோ, கற்ற ஏராளமான நிரல்களின் அடிப்படையில், எது பொருந்தும் என்று ஊகித்து எழுதுவது. ஒரே வேண்டுகோளுக்கு இருவேறு நிரல்கள் கிடைக்கலாம். பார்வைக்குச் செம்மையான நிரலிலும் வழு மறைந்திருக்கலாம். எனவே, அது எழுதியதை மனிதர் படித்தே ஆகவேண்டும். எழுதிப் பழகாதவர் படித்துப் பிழை காண்பது அரிது.

சிக்கல் இங்கேதான் உள்ளது. இளம் நிரலர் தொழில் பழகுவது சிறு சிறு பணிகளில்தான். கருவி முதலில் மேற்கொள்வதும் அப்பணிகளையே. மேற்படியில் நிற்போருக்கு உதவும் கருவி, முதற்படியை அகற்றிவிடக்கூடும். 1950களில் மறைந்தது மாற்றி எழுதும் வேலை. இன்று குறைய நேர்வது கற்கும் வாய்ப்பு. அவ்வாய்ப்பைத் தொழிலிடம் தருமா என்பது உறுதியில்லாதபோது, கல்விக்கூடம் அதனைத் தரவேண்டும்.

ஆகவே, மாணவர் முதலில் தாமே எழுதிப் பழகட்டும். கருவி தந்த நிரலை ஏற்குமுன் ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று வாய்விட்டு விளக்கட்டும். அது எங்கே தவறும் என்று சோதனை வகுக்கட்டும். மொழியாசிரியர்க்கும் இதில் பங்குண்டு. குன்றக் கூறலும் மயங்க வைத்தலும் நூலுக்குக் குற்றம் என்று நன்னூலார் வகுத்தார். கருவியிடம் விடுக்கும் வேண்டுகோளுக்கும் அவை குற்றமே. வேண்டுவதைக் குறைவின்றியும் மயக்கமின்றியும் சொல்லும் பயிற்சியைத் தமிழ் வகுப்பிலேயே தொடங்கலாம். கணினித் துறைக்குச் செல்லத் தயங்கும் மாணவரிடம், செல்க, ஆனால் எழுதக் கற்றுக்கொண்டு செல்க என்று நாம் துணிந்து கூறலாம்.