பதின்மூவரில் பன்னிருவர்: எலும்பு மஜ்ஜை மாற்றில் மனச்சோர்வு வாசிக்கப்பட்ட விதம்

எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை பெறுவோரின் மனநலம் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் 1991-இல் வந்த ஒரு கட்டுரையில் போய் நிற்பார்கள். ‘சைக்கோசொமாட்டிக்ஸ்’ இதழில் கொலோனும் சகாக்களும் எழுதியது அது. தீவிர ரத்தப் புற்றுநோய்க்காகப் பிறரது மஜ்ஜை ஏற்றப்பட்ட 100 பெரியவர்களின் கதியை அவர்கள் பின்னோக்கிப் பார்த்தார்கள். மனம் சோர்ந்தவர்கள் என்று குறிக்கப்பட்டிருந்த 13 பேரில் 12 பேர் ஓராண்டுக்குள் இறந்திருந்தனர். நோயின் நிலை, உற்றார் துணை ஆகியவற்றோடு மனச்சோர்வும் ஆயுளைத் தனித்துப் பாதிக்கும் காரணி என்பது அவர்கள் கண்ட முடிவு. ‘மனம் தளர்ந்தால் உடல் விழும்’ என்ற வாசிப்புக்கு இதுவே ஆதாரமாக நிற்கிறது. அந்த ஆதாரம் அத்தனை பாரம் தாங்காது என்பது என் வாதம்.

முதலில், மனச்சோர்வு ஆயுளைக் குறைக்குமா என்ற கேள்வியே புதியது. 1971-இல் ஜெர்மனியின் உல்ம் நகரக் குழு ‘லைஃப் ஐலண்ட்’ என்னும் பிளாஸ்டிக் கூடாரப் படுக்கையில் அடைபட்ட ரத்தப் புற்றுநோயாளிகளைப் பற்றி எழுதியபோது கேட்டது வேறு: இந்தத் தனிமையை ஒரு மனிதர் எப்படித் தாங்குகிறார்? 1976-இல் பிரவுனும் கெல்லியும் சிகிச்சையை எட்டுக் கட்டங்களாகப் பிரித்தார்கள். சம்மதிப்பதா வேண்டாமா என்ற முடிவில் தொடங்கி, வீடு திரும்பிய பின் பழகிக்கொள்வது வரை அந்தப் பட்டியல் போகிறது. அதில் மஜ்ஜை ஏற்றும் கட்டத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும். பல நாள் கடும் மருந்தும் கதிர்வீச்சும் தாங்கி வந்தவர் எதிர்பார்த்திருந்த அந்த நாளில் நடப்பது, ரத்தம் ஏற்றுவது போல ஒரு பை தொங்கிச் சொட்டுவது மட்டும்தான். உறைய வைத்த செல்களானால், அவற்றைக் காக்கச் சேர்த்த டிஎம்எஸ்ஓ என்னும் வேதிப்பொருளால் அறையெங்கும் பூண்டு வாடை அடிக்கும். அதன்பின் காத்திருப்பு. நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்களின் அளவு 500-ஐத் தாண்டும்வரை காலை தோறும் ‘கவுன்ட் எவ்வளவு?’ என்ற ஒரே கேள்வி. இந்தக் கட்டத்து மனம் வேறு, முந்தைய கட்டத்து மனம் வேறு. 1976-இன் பார்வையில் துயரம் கட்டத்துக்குக் கட்டம் மாறுவது. 1991 அதை ஒருமுறை குறித்த அளவில் நிறுத்திவிட்டது.

இரண்டாவது, எண். 13 என்பது சிறு தொகை. அவர்களில் இன்னும் ஒருவர் பிழைத்திருந்தால் இறப்பு 92 சதவீதத்திலிருந்து 85-க்கு இறங்கியிருக்கும். அப்போதும் அது பெரிய எண்தான். எனவே எண்ணை மட்டும் வைத்து இதைத் தள்ளிவிட முடியாது. சிக்கல் அதற்கும் முந்தியது. பசியின்மை, தூக்கமின்மை, களைப்பு, எதிலும் நாட்டமின்மை என மனச்சோர்வுக்கு நாம் அடையாளம் காட்டுபவற்றில் பாதி, ரத்தப் புற்றுநோயும் அதன் மருந்துகளும் தருபவை. நோயின் நிலையைக் கணக்கில் கொண்டே முடிவு கண்டோம் என்பது அவர்கள் தரப்பு. ஆனால் ‘முதல் தணிவு நிலை’ போன்ற பரந்த வகைகளுக்குள் ஒவ்வொருவர் உடலும் எவ்வளவு நலிந்திருந்தது என்பது அடங்காது. அந்த நலிவைத்தான், வேறு எந்தப் பரிசோதனைக்கும் முன்பாக, மனம் காட்டியிருக்கலாம். சோர்வு கொன்றதா, சாவு நெருங்குவதைச் சோர்வு முன்பே அறிவித்ததா? பின்னோக்கிய ஆய்வு ஒன்றால் இதைப் பிரித்துச் சொல்ல இயலாது. இரண்டாவதே நடந்தது என்று நிரூபிக்க என்னிடமும் சான்று இல்லை. அதற்கே வாய்ப்பு அதிகம் என்று மட்டும் சொல்வேன்.

2002-இல் லொபெரீசா குழு 193 பேரை ஆராய்ந்தது. மாற்று சிகிச்சைக்குப் பின் ஆறாம் மாதத்தில் மனச்சோர்வு கண்டவர்களிடையே, அடுத்த ஆறு மாதங்களில் இறப்பு கூடுதலாக இருந்தது. 1991-இன் முடிவுக்கு இது வலு சேர்க்கிறது என்பார்கள். ஆனால் ஆறாம் மாதம் என்பது, ஏற்றிய மஜ்ஜையின் செல்கள் நோயாளியின் உடலையே தாக்கும் ஜிவிஎச்டி தலைகாட்டக்கூடிய காலம். அதற்குத் தரும் பிரெட்னிசோலோனே மனநிலையைப் புரட்டிப்போடும் மருந்து. ஆக, பழைய முடிச்சு இங்கும் அவிழவில்லை.

இந்த வாதம் ஏட்டளவில் நிற்பதில்லை. இந்தியாவில் 1983-இல் மும்பை டாடா மருத்துவமனையிலும் 1986-இல் வேலூர் சிஎம்சியிலும் இச்சிகிச்சை தொடங்கியது. நம் வார்டுகளில் ‘தைரியமா இருந்தா சரியாயிடும்’ என்று சொல்லாத உறவினர் கிடையாது. அன்பில் வரும் சொல்தான். ஆனால் கவுன்ட் ஏறாத நாளில் அது பழியாகவும் கேட்கும். மஜ்ஜை கொடுத்த தம்பியோ அக்காவோ அந்தப் பழியில் தமக்கும் ஒரு பங்கு உண்டென்று எண்ணிக்கொள்வதும் நடக்கிறது.

இந்த வாசிப்பு எப்போது மாறியது? உல்ம் கூடாரத்தில் கண்ட தனிமை எப்போது தளர்ந்தது என்பதற்கே ஒரே ஆண்டைக் காட்ட இயலாது. கடும் தனிமைப்படுத்தல் இல்லாமலே மாற்று சிகிச்சை செய்த அனுபவத்தைக் கனடாவின் கால்கரி குழு 1992-இல் ‘லான்செட்’டில் எழுதியது. அதற்குப் பிறகும் பல இடங்களில் பழைய முறை நீடித்தது. மனநலம் பற்றிய கேள்வி திசை திரும்பிய ஆண்டும் இப்படித்தான். 2004-இல் சிர்ஜாலா குழு 319 பேரைத் தொடர்ந்து கவனித்து, உடல் தேறிய பிறகே மனமும் வேலைக்குத் திரும்புதலும் தேறுகின்றன என்று காட்டியது. எல்லா வகையிலும் தேறியவர்கள் ஓராண்டில் 19 சதவீதம்; பெரிய குறைபாடு இல்லாதவர்கள் ஐந்தாண்டில் 63 சதவீதம். 2016-இல் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் எல்-ஜவாஹ்ரி குழு, 160 பேரில் ஒரு பாதியினருக்கு மருத்துவமனையில் இருக்கும்போதே நோய்த்தணிப்பு மருத்துவர்களின் துணையையும் சேர்த்துக் கொடுத்தது. இரண்டாம் வாரத்தில் அவர்களிடம் மனச்சோர்வு குறைவாக இருந்தது. மூன்றாம் மாதத்திலும் அந்த வேறுபாடு தெரிந்தது. நோயாளியின் வாழ்க்கைத் தரமே அங்கு முதன்மை இலக்கு, ஆயுள் கணக்கு அல்ல. திருப்பத்தை 2004-இல் வைப்பதா 2016-இல் வைப்பதா என்று கேட்டால், 2004 என்பேன், சற்றே தயக்கத்தோடு. 1991 ஓராண்டோடு தன் கணக்கை முடித்துக்கொண்டது. அந்த ஓராண்டில் ஐந்தில் ஒருவர்கூட முழுதாகத் தேறியிருப்பதில்லை என்பது 2004-க்குப் பிறகுதான் கண்ணில் பட்டது.