விலை குறைந்த தேயிலை

பள்ளியில் நான் படித்த கதை ரொம்ப எளிமையானது. பிரிட்டன் தேயிலைக்கு வரி போட்டது, விலை ஏறியது, அமெரிக்கக் காலனிக்காரர்கள் கடுப்பாகிப் பெட்டிகளைக் கடலில் கொட்டினார்கள், அப்புறம் சுதந்திரம். ஐந்து மதிப்பெண். பல வருடம் கழித்து, ஒரு ரிலீஸ் முடிந்து தூக்கம் வராத இரவில் சும்மா வாசிக்கப்போய்த்தான் தெரிந்தது: 1773 டிசம்பர் 16 அன்று பாஸ்டன் துறைமுகத்தில் கொட்டப்பட்டது விலை குறைக்கப்பட்ட தேயிலை.

விலை குறைந்ததற்கா கலகம்?

கொஞ்சம் பின்னால் போகணும். 1763ல் முடிந்த ஏழாண்டுப் போரில் பிரிட்டன் பிரான்ஸை வென்றது, ஆனால் கடன் கிட்டத்தட்ட இருமடங்காகிவிட்டது. அமெரிக்காவில் நிறுத்திய படைக்கும் செலவு. 'உங்களைக் காப்பாற்றத்தானே, நீங்களும் கொஞ்சம் போடுங்கள்' என்று லண்டன் நினைத்ததில் நியாயமே இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. பிரிட்டனில் இருந்தவர்கள் கட்டிய வரியோடு ஒப்பிட்டால் காலனிக்காரர்கள் கட்டியது சொற்பம்.

1765ல் முத்திரைச் சட்டம் வந்தது. பத்திரம், செய்தித்தாள், சீட்டுக்கட்டு எல்லாவற்றுக்கும் வரி. வக்கீல்களையும் பத்திரிகைக்காரர்களையும், அதாவது வாயும் பேனாவும் உள்ளவர்களையே தேடிப்பிடித்துச் சீண்டிய சட்டம். 'எங்களுக்கு வரி போட எங்கள் சட்டமன்றங்கள் இருக்கின்றன, உங்கள் பார்லிமென்டில் எங்கள் ஆள் ஒருவர்கூட இல்லையே' என்றார்கள். லண்டன் சொன்ன பதில் அற்புதமானது: மான்செஸ்டருக்கும் பர்மிங்காமுக்கும்கூடத்தான் உறுப்பினர் இல்லை, பார்லிமென்ட் எல்லோருக்காகவும்தான் யோசிக்கிறது. குறை சொல்லி டிக்கெட் போட்டால், 'இது இப்படித்தான் வேலை செய்யும்' என்று எழுதி மூடிவிடுவார்களே, அந்த மாதிரி.

காலனிகள் பிரிட்டிஷ் சரக்கைப் புறக்கணித்தன. லண்டன் வியாபாரிகளே அலறினார்கள். 1766ல் சட்டம் ரத்தானது. ஆனால் அதே நாளில் இன்னொரு சட்டமும் நிறைவேறியது: காலனிகள்மீது எந்த விஷயத்திலும் சட்டமியற்ற பார்லிமென்டுக்கு அதிகாரம் உண்டு. காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, 'எப்ப வேணும்னாலும் எடுத்துக்குவோம்' என்று எழுதி வைத்த மாதிரி. என்னைக் கேட்டால் அந்த முத்திரை வரியைவிட இந்த வரிதான் விஷம்.

1767ல் கண்ணாடி, ஈயம், பெயின்ட், காகிதம், தேயிலைமீது புது வரிகள். மறுபடி புறக்கணிப்பு. 1770ல் மற்றதையெல்லாம் நீக்கிவிட்டு, தேயிலைமீது மட்டும் பவுண்டுக்கு மூன்று பென்னியை விட்டுவைத்தார்கள். பெரிய வருமானம் ஒன்றும் இல்லை. உரிமை இருக்கிறது என்று காட்ட ஒரு மூன்று பென்னி.

இதற்கிடையில் கிழக்கிந்தியக் கம்பெனி தள்ளாடியது. 1769ல் ஹைதர் அலி சென்னை வாசல்வரை வந்த செய்தி லண்டனில் அதன் பங்கு விலையைச் சரித்தது. அடுத்து வங்கப் பஞ்சம், பிறகு 1772ன் கடன் நெருக்கடி. கிடங்குகளிலோ கோடிக்கும் மேற்பட்ட பவுண்டு எடைத் தேயிலை. கம்பெனியைக் காப்பாற்ற 1773ல் தேயிலைச் சட்டம் வந்தது: பிரிட்டனில் கட்டவேண்டிய தீர்வை இல்லை, நேரடியாக அமெரிக்காவில் விற்கலாம். டச்சுக் கடத்தல் தேயிலையைவிட மலிவு. அந்த மூன்று பென்னி மட்டும் அப்படியே இருந்தது.

குடித்தால் லாபம், ஆனால் குடித்தால் உரிமையை ஒப்புக்கொண்ட மாதிரி. சங்கடம் புரிகிறதா? கோபம் முழுக்கப் புனிதமானதும் இல்லை. விற்பனை உரிமை கம்பெனி தேர்ந்தெடுத்த சிலருக்கே போனது, பாஸ்டனில் அதில் இரண்டு பேர் கவர்னர் ஹட்சின்சனின் பிள்ளைகள். மற்ற வியாபாரிகளுக்கும் கடத்தல்காரர்களுக்கும் வயிற்றெரிச்சல். எல்லாம் சேர்ந்துதான் மூன்று கப்பல்களிலிருந்து 340க்கும் மேற்பட்ட பெட்டிகள் தண்ணீருக்குள் போயின.

பதிலுக்குப் பாஸ்டன் துறைமுகம் மூடப்பட்டது, மாசசூசெட்ஸின் சாசனம் திருத்தப்பட்டது. 1774 செப்டம்பரில் 12 காலனிகளின் பிரதிநிதிகள் ஃபிலடெல்ஃபியாவில் கூடினார்கள். அடுத்த ஏப்ரலில் துப்பாக்கிச் சூடு, ரத்தம்.

அதற்குப் பிறகும், 1775 ஜூலையில், காங்கிரஸ் ராஜாவுக்கு விசுவாசமாக ஒரு மனு எழுதியது. மந்திரிகள்தான் கெட்டவர்கள், ராஜா நல்லவர் என்ற பழைய நம்பிக்கை. மூன்றாம் ஜார்ஜ் அதை வாங்கவே மறுத்தார், ஆகஸ்ட் 23 அன்று அவர்களைக் கலகக்காரர்கள் என்று அறிவித்தார். கதை இங்கேதான் திரும்பியது என்று நினைக்கிறேன். 1776 ஜூலைப் பிரகடனத்தை எடுத்துப் பாருங்கள். பத்து வருடம் பார்லிமென்டோடு போட்ட சண்டை, ஆனால் அந்தச் சொல் அதில் ஓரிடத்தில்கூட இல்லை. குற்றப்பட்டியல் முழுக்க ராஜாமீது.

அந்தப் பட்டியலில் வெட்டப்பட்ட ஒரு பத்தியும் உண்டு. அடிமை வியாபாரத்தையும் ராஜாவின் குற்றமாக ஜெஃபர்சன் வரைவில் எழுதியிருந்தார். அவரே அடிமைகள் வைத்திருந்தவர். காங்கிரஸ் அதை நீக்கிவிட்டது.

பாஸ்டனுக்கே திரும்புகிறேன். தேயிலை கொட்டப்படுவதற்குப் பதினொரு மாதம் முன்பு, 1773 ஜனவரியில், கவர்னருக்கும் சட்டமன்றத்துக்கும் அங்கே ஒரு மனு போனது. அடிமைகள் சார்பாக எழுதியது. கையெழுத்து வெறும் 'ஃபீலிக்ஸ்'. குடும்பமோ உடைமையோ தங்களுக்கென்று இல்லாத வாழ்க்கையிலிருந்து விடுவிக்கக் கேட்டது. சட்டமன்றம் ஒத்திப்போட்டது. சுதந்திரம் அறிவித்த மறுவருடம், 1777ல், பிரின்ஸ் ஹாலும் வேறு சில கறுப்பினத்தவரும் மறுபடி எழுதினார்கள். பிரிட்டனுக்கு எதிராக நீங்கள் பேசிய நியாயமெல்லாம் எங்களுக்கு இன்னும் பலமாகப் பொருந்துகிறதே என்று அதில் கேட்டிருந்தார்கள்.

அதுவும் கிடப்பில் போடப்பட்டது. இந்த முறை கிடப்பில் போட்டது ராஜா இல்லை.