பனிச்சுவரைத் தாண்டியவர்கள்

1841 ஜனவரி 28. எரிபஸ், டெரர் என்ற இரு பாய்மரக் கப்பல்களோடு தெற்கே போய்க்கொண்டிருந்த ஜேம்ஸ் கிளார்க் ராஸை ஒரு வெண்சுவர் மறித்தது. கடலிலிருந்து செங்குத்தாக எழுந்து நின்ற பனி. உயரம் ஏறத்தாழ 50 மீட்டர். அதன் ஓரமாகவே பல நூறு கிலோமீட்டர் கிழக்கே போயும் உள்ளே நுழைய வழி கிடைக்கவில்லை. ராஸ் பனித்தட்டு என்று இன்று வழங்குவது அதுதான்.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1849-இல், ‘பாரலாக்ஸ்’ என்ற புனைபெயரில் ஒரு சிறுநூல் இங்கிலாந்தில் வெளிவந்தது. எழுதியவர் சாமுவேல் ரோபோத்தம். பூமி ஒரு தட்டு, நடுவில் வட துருவம், விளிம்பைச் சுற்றிலும் பனி என்பது அவர் கட்சி. ராஸ் கண்ட சுவர் அதற்கு வாகாக அமைந்தது. தட்டைப் பூமியைக் கற்காலச் சரக்கு என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் எரட்டோஸ்தனிஸ் கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலேயே பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டுவிட்டார். ரோபோத்தமின் தட்டு ரயில் ஓடத் தொடங்கிய காலத்தில்தான் புறப்பட்டது.

சுவரின் மறுபக்கத்தை அறிய ஒரே வழி, ஏறிப் போவது.

நார்வேக்காரர் ரோல்ட் அமுண்ட்சென் ஏறினார். 1911 டிசம்பர் 14 அன்று நான்கு தோழர்களுடன் தென் துருவத்தை அடைந்தார். விளிம்பும் இல்லை, பள்ளமும் இல்லை, எங்கும் சமவெளி. அங்கே செக்ஸ்டன்ட் கருவியை வைத்துக்கொண்டு, 24 மணி நேரமும் மணிக்கொரு தடவை சூரியனின் உயரத்தை அளந்தார்கள். சூரியன் மறையவே இல்லை. ஏறாமல் இறங்காமல் அவர்களைச் சுற்றி வந்தது. வட துருவத்துக்கு மேலே வட்டமிடும் சூரியன் விளிம்பில் நிற்பவனை எப்படிச் சுற்றும்? ரோபோத்தமின் தட்டில் இதற்கு இடமே கிடையாது.

அதைவிடப் பலத்த அடி 1958-இல் விழுந்தது. விவியன் ஃபுக்ஸின் குழு அண்டார்டிகாவின் வெடல் கடலோரத்தில் புறப்பட்டு, துருவம் வழியாக எதிர்ப்பக்கத்து ராஸ் கடலோரத்தை 99 நாளில் எட்டியது. மொத்தத் தூரம் சுமார் 3,500 கிலோமீட்டர். தட்டைப் பூமியில் இவ்விரு கடல்களும் ஏறக்குறைய எதிரெதிர் விளிம்புகளில் இருக்கும். நேர்கோட்டில் போனாலே 30,000 கிலோமீட்டருக்கு மேல்.

2024 டிசம்பரில் தட்டைப் பூமிக்காரர்கள் சிலரையே அண்டார்டிகாவுக்கு அழைத்துப்போய் நள்ளிரவுச் சூரியனைக் காட்டினார்கள். போனவர்களில் ஒருவர், இந்தச் சூரியன் விஷயத்தில் தன் கணிப்பு தவறு என்று ஒப்புக்கொண்டார். ஊரில் இருந்த சகாக்களோ, அங்கிருந்து வந்த படம் ஸ்டுடியோவில் எடுத்தது என்றார்கள்.